பூஜ்யத்தால் வகுத்தால் பி.எல்.சி. என்ன சொல்லும்?

ஆலை இயந்திரங்களை இயக்கும் கன்ட்ரோலரான பி.எல்.சி.யின் (நிரல்படுத்தக்கூடிய தர்க்கக் கட்டுப்படுத்தி) நிரல்களில், வகுத்தல் கட்டளைக்கு முன்னால், வகுத்தி பூஜ்யமா என்று பார்க்கும் ஒரு வரி இருக்கும். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், கணிதத்தைவிட பி.எல்.சி.யின் வரலாறே அதிகம் சொல்கிறது.

பி.எல்.சி. கணக்குப் போடப் பிறந்ததல்ல. 1968-இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு ரிலே அலமாரிகளுக்கு மாற்றுக் கேட்டது. அதற்கு விடையாக டிக் மோர்லியின் குழு மோடிகான் 084 என்ற பி.எல்.சி.யை உருவாக்கியது. ரிலேச் சுற்றில் விடையில்லாத கேள்வி என்று ஒன்று கிடையாது. காயில் இழுக்கும், அல்லது விடும். கூட்டலும் வகுத்தலும் பிறகுதான், ரிலேச் சுற்றைப் போலவே வரையப்படும் லேடர் நிரலுக்குள் பெட்டிகளாக வந்து சேர்ந்தன.

வகுத்தி பூஜ்யமானால் என்ன செய்வது என்பதில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் போக்கில் போனார். ஆலன்-பிராட்லியின் எஸ்.எல்.சி. 500, விடைக்கான இடத்தில் வழக்கமாக 32767-ஐ வைத்து, எஸ்:5/0 என்ற பிட்டை ஏற்றும். நிரலின் ஒரு சுற்று ஓட்டமான ஸ்கேன் முடியும்போதும் அது ஏறியே இருந்தால் கன்ட்ரோலர் ஃபால்ட்டாகி நின்றுவிடும். அதனால் கணக்கு வரிகளுக்குக் கீழே அந்தப் பிட்டை அன்லாட்ச் செய்யும் வரி ஒரு சம்பிரதாயமே ஆயிற்று. ஆலை நிற்பதை அது தடுக்கும். 32767 என்ற பொய்யைத் திருத்தாது.

அதே நிறுவனத்தின் பிந்தைய லாஜிக்ஸ் கன்ட்ரோலர் நிற்பதில்லை. சிறு ஃபால்ட் ஒன்றைப் பதிந்துகொண்டு, முழு எண்களானால் வகுபடும் எண்ணையே விடையாகத் தரும். சீமென்ஸ் எஸ்7-300, வழிதலைக் காட்டும் நிலைப் பிட்களை ஏற்றிவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். கோடெசிஸ் என்ற நிரலாக்கச் சூழலில் வகுத்தியைச் சோதிக்கும் துணை நிரல்களைச் சேர்த்துக்கொள்ளலாம். அவற்றின் மாதிரி வடிவம் பூஜ்யத்துக்குப் பதில் 1-ஐ வைக்கிறது. விளைவு லாஜிக்ஸின் விடையேதான். இரண்டுமே ஓட்டத்தை நிறுத்தாமல் பார்த்துக்கொள்கின்றன. விடை சரியா என்பது வேறு விஷயம்.

1993-இல் வந்த ஐ.இ.சி. 61131-3 தரநிலை, பூஜ்ய வகுத்தலைப் பிழை என்று பட்டியலிட்டது. அதை எப்படிக் கையாள்வது என்பதைத் தயாரிப்பாளரிடமே விட்டது.

பதின்ம எண்களில் ஆபத்து சத்தமில்லாமல் வரும். 1985-இன் ஐ.இ.இ.இ. 754 விதிப்படி 5-ஐ 0-ஆல் வகுத்தால் முடிவிலி. 0-ஐ 0-ஆல் வகுத்தால் ‘எண்ணல்லாதது’. இந்த ‘எண்ணல்லாதது’, பி.ஐ.டி. என்ற கட்டுப்பாட்டுக் கணக்கில் பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் தொகைப் பகுதிக்குள் புகுந்தால் தானாக வெளியேறாது. அதனுடன் எதைக் கூட்டினாலும் அதுவே மிஞ்சும். உச்சவரம்பைத் தாண்டியதா என்று ஒப்பிட்டால் ‘இல்லை’ என்றே வரும். ஆகவே வரம்புக் காவலும் கண்டுகொள்ளாது.

சோதனையை எழுதும் விதத்திலும் கண்ணி உண்டு. “வகுத்தி பூஜ்யமல்ல, மேலும் ஈவு 5-ஐவிடப் பெரிது” என்று ஒரே நிபந்தனையாக எழுதினால், முதல் பாதி பொய்த்தாலும் பல கன்ட்ரோலர்கள் இரண்டாம் பாதியைக் கணக்கிடும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நிபந்தனைகள் வைப்பதே நல்லது. சென்சாரிலிருந்து வரும் பதின்ம வகுத்தி சரியாகப் பூஜ்யத்தில் நிற்பது அரிது, 0.0001 வந்தாலே ஈவு எகிறும். அதனால் பூஜ்யத்தோடு ஒப்பிடாமல், ஒரு குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட வேண்டும்.

பதிலாக எந்த எண்ணை வைப்பது என்பதை ஆலையின் வேலைதான் தீர்மானிக்கும். எதுவும் உற்பத்தியாகாத ஷிப்டின் சராசரிக்கு 0 பொருந்தும். கலவை விகிதத்துக்கு 0 ஆகாது. கடைசியாகக் கிடைத்த நல்ல மதிப்பைப் பிடித்துவைத்து அலாரம் தர வேண்டும். இவ்வளவு செய்தாலும், பூஜ்யச் சோதனைக்குச் சிக்காத ஒரு வகுத்தல் உண்டு: -32768-ஐ -1-ஆல் வகுத்தால் வரும் 32768-க்கு 16 பிட் முழு எண்ணில் இடமில்லை.