யோக்கோஹாமா விலையும் கிள்ளான் விலையும்

ஜப்பான் என்ற பெயரைக் கேட்டால் நம் தோட்டத்து மூத்தவர்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? 1941-ஆம் ஆண்டு இறுதியில் வந்திறங்கிய படையும், சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பி வராத உறவினர்களுந்தான். அதே பெயரை இன்று வீட்டு வாசலில் கார் துடைத்துக்கொண்டிருக்கும் ஓர் இளைஞனிடம் சொல்லிப் பாருங்கள். டர்போ, ஸ்போர்ட் ரிம், ஹாஃப்கட் என்று கண் மலரப் பேசத் தொடங்கிவிடுவான். தாத்தா அஞ்சிய நாடு பேரனுக்குச் சந்தையாகிவிட்டது! அந்தச் சந்தையை நேரில் பார்த்துவரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

என் தங்கையின் மகன் கிள்ளானுக்கு அருகில் சிறிய பட்டறை ஒன்று வைத்திருக்கிறான். பழைய வீரா, கஞ்சில், மைவி கார்களுக்கு வேகமும் அழகும் கூட்டித் தருவது அவன் தொழில். முன்பு ஒரு தரகர் மூலம் படத்தைப் பார்த்து ஒரு டர்போ தருவித்தான். பெட்டியைப் பிரித்தால் கூடு விரிசல் விட்டிருந்தது. பணம் போனது போனதுதான். பின்னர், செம்பனைக் குலை வெட்டி ஓய்ந்த அவன் தந்தை, தம் 55-ஆம் வயதில் எடுத்த சேமநிதியிலிருந்து 16,000 வெள்ளியை அவன் கையில் கொடுத்தார். "அண்ணே, நீங்க கணக்குத் தெரிஞ்சவரு. ஒரு தடவை அவன்கூடப் போயிட்டு வாங்க" என்றாள் என் தங்கை. பள்ளி விடுமுறையில் இருவரும் புறப்பட்டோம்.

ஏன் அங்கே மலிவு?

ஜப்பானிலும் நம்மைப் போல் சாலையின் இடப்புறம் ஓட்டுகிறார்கள். ஸ்டியரிங் வலப்புறம் இருக்கிறது. நம் நாட்டுக் கார்களுக்கும் அவர்களுக்கும் இரத்த உறவு உண்டு. 1985-இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவும் 1993-இல் வந்த வீராவும் மிட்சுபிஷியின் வழி வந்தவை. 1994-இல் வந்த கஞ்சில், டைஹட்சு மீராவின் தம்பி. ஆகவே அண்ணனின் சட்டை தம்பிக்குப் பொருந்துவதுபோல் அங்குள்ள சாமான்கள் பல இங்கே பொருந்துகின்றன.

அங்கே 'ஷாக்கென்' என்றொரு கட்டாயப் பரிசோதனை உண்டு. புதிய காருக்கு மூன்றாம் ஆண்டில் முதல் சோதனை. பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. அதற்கு ஆகும் செலவை எண்ணியே பலர் நன்றாக ஓடும் காரையும் விட்டுவிடுகிறார்கள். அவை பிரிப்புக் கூடங்களுக்குப் போய்ச் சேர்கின்றன. கார் பிரிப்பவரை அவர்கள் 'கைத்தாய்யா' என்று அழைக்கிறார்கள். நம் காதில் அது 'கைத்தாய்' என்றே விழுகிறது! தாய்போலவேதான் அவர்கள் ஒவ்வொரு உறுப்பையும் பார்த்துப் பிரிக்கிறார்கள். 2005 சனவரியில் நடப்புக்கு வந்த மறுசுழற்சிச் சட்டப்படி குளிர்சாதன வாயுவையும் காற்றுப்பையையும் முறையாக அகற்றியாக வேண்டும். அந்தச் செலவுக்கான கட்டணத்தைக் காரின் உரிமையாளரே முன்கூட்டிச் செலுத்திவிடுகிறார்.

முழுப் பழைய காரை நம் நாட்டுக்குக் கொண்டுவர வேண்டுமானால் தனி அனுமதியும் பெரும் வரியும் தேவை. காரை வெட்டி, இயந்திரத்தோடு முன்பாதியை மட்டும் கொண்டுவந்தால் அது உதிரிச் சாமான். நம் 'பொத்தோங்' கடைகளும் ஹாஃப்கட்டுகளும் பிறந்த கதை இதுதான்.

கடையும் கூடமும்

யோக்கோஹாமா 1859-இல் வெளிநாட்டு வாணிகத்துக்குத் திறந்துவிடப்பட்ட துறைமுக நகரம். விடியற்காலையில் சோற்றுருண்டையும் தேநீரும் வாங்கிப் பசியாறிவிட்டு ரயில் ஏறினோம். 'அப் கேரேஜ்' என்ற பழைய சாமான் கடைகளின் தலைமையகம் இந்த நகரில்தான் இருக்கிறது. நாடெங்கும் அதற்குக் கிளைகள் உண்டு. உள்ளே நுழைந்ததும் நான் பொத்தோங் கடையை மறந்துவிட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. துணிக்கடைபோல் அடுக்கடுக்காக ரிம்கள், இருக்கைகள், புகைக்குழாய்கள். ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு. எந்தக் காருக்கு உரியது, எங்கே கீறல், எங்கே வளைவு என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். விற்பவனே குறையைச் சொல்லிவிடுகிறான்; பேரம் பேச என்ன இருக்கிறது?

பிரிப்புக் கூடங்கள் வேறுவகை. தோக்கியோவைச் சூழ்ந்த சீபா, சைத்தாமா மாநிலங்களில் அவை நிறைய. பாக்கிஸ்தானியரும் இலங்கையரும் நடத்தும் கூடங்கள் பல உள்ளன. ஒன்றில் எங்கள் பேச்சைக் கேட்ட யாழ்ப்பாணத்து ஊழியர் ஒருவர், "தம்பி, எந்த ஊர்? மலேசியாவோ?" என்று தமிழிலேயே கேட்டபோது உடல் சிலிர்த்தது. "படத்தைப் பார்த்து வாங்காதையுங்கோ, கையால தொட்டுப் பார்த்து வாங்குங்கோ" என்றார். என் மருமகன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான்.

அவன் சாமானைத் தொட்டுப் பார்த்த விதத்தைச் சொல்லத்தான் வேண்டும். பள்ளியில் பெருக்கல் வாய்பாட்டுக்கே திணறிய பையன் அவன்! டர்போவின் தண்டை இரு விரலால் பிடித்து அசைத்தான். "பக்கவாட்டுல கொஞ்சம் ஆடலாம் மாமா, அது எண்ணெய்க்கு விட்ட இடம். முன்னும் பின்னும் ஆடினா தொடவே கூடாது" என்றான். விசிறி இதழ்கள் கூட்டில் உரசிய தடம் உண்டா என்று கைவிளக்கு அடித்துப் பார்த்தான். எப்சோபரில் எண்ணெய்க் கசிவைத் தேடினான். துருப்பிடித்திருந்த ஒன்றை ஒதுக்கிவிட்டு, "பனி நாட்டுக் கார் மாமா. ரோட்டுல உப்புப் போடுவாங்க, அடியிலேர்ந்து அரிச்சிடும்" என்றான்.

ரிம் வாங்குவதில் எனக்கு வேலை வந்தது. ஆணித்துளைகளின் மையங்களை இணைத்து ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம் என்ன என்பதே கேள்வி. மைவிக்கு நான்கு துளை, 100 மில்லிமீட்டர். ஐந்து துளை, 114.3 மில்லிமீட்டர் ரிம் எவ்வளவு மலிவாய் இருந்தாலும் அதற்கு ஆகாது. ரிம்மின் உட்புறத்தில் 'ஜேடபிள்யூஎல்' என்ற ஜப்பானியத் தர முத்திரை வார்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெயர்பெற்ற ரிம்களுக்குப் போலிகள் ஏராளம். குழியில் விழுந்தால் போலி உடைந்து உயிருக்கே உலை வைத்துவிடும்.

ஒன்றையும் கவனித்தேன். 1990-களின் கார்ச் சாமான்கள் மலிவாக இல்லை. 25 ஆண்டு கடந்த கார்களை அமெரிக்காவுக்குள் கொண்டுபோக அந்நாட்டுச் சட்டம் இடங்கொடுப்பதால், பழைய ஜப்பானியக் கார்களை அவர்கள் முழுதாகவே வாங்கிக்கொள்கிறார்கள். வீராவுக்கு உறுப்புத் தேடும் நம் பிள்ளைகள் இன்று அமெரிக்கர்களோடு போட்டி போடுகிறார்கள்.

பெட்டிக்குள் காற்றும் காசுதான்

வாங்குவது பாதி வேலை; அனுப்புவது மறுபாதி. ஓர் இருக்கையின் எடை 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் அளவு 100, 60, 60 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கினால் 360,000. விமானச் சரக்குக்காரர் இதை 6,000-ஆல் வகுப்பார். விடை 60. அதாவது 15 கிலோ இருக்கைக்கு 60 கிலோ கூலி! கப்பலிலோ, ஒரு டன் அல்லது ஒரு கன மீட்டர், இவற்றில் எது அதிகமோ அதற்குக் கூலி. கார்ச் சாமான்கள் பெரும்பாலும் இடத்தால் மாட்டிக்கொள்ளும்.

எங்கள் சாமான் முதலில் 1.6 கன மீட்டர் வந்தது. மருமகன் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ரிம்மின் குழிக்குள் டர்போவையும், இருக்கைகளின் மடிக்குள் எப்சோபர்களையும் செருகி 1.2-க்குக் கொண்டுவந்தான். எண்ணெய் முழுவதையும் வடித்துவிட்டோம். மரப்பலகைக்கு வெப்பச் சூடு கொடுத்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். இல்லையேல் பூச்சிக்கு அஞ்சித் துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள். வாயு நிரப்பிய எப்சோபரும் காற்றுப்பையும் அபாயகரப் பொருள்களாதலால் விமானத்தில் சாதாரணமாக அனுப்ப முடியாது.

இனி, என் குறிப்பேட்டுக் கணக்கைக் காட்டுகிறேன். அப்போது 100 யென்னுக்கு ஏறக்குறைய 3 வெள்ளி. சாமான் விலை 240,000 யென், அதாவது 7,200 வெள்ளி. பெட்டி கட்டவும் கப்பலுக்கும் 1,100. போர்ட் கிள்ளானில் துறைமுகக் கூலி, முகவர் கூலி, சுங்க வரி, விற்பனை வரி, லோரி எல்லாம் சேர்த்து 4,300. சுங்கத்தார் பொருளின் விலைக்கு மட்டும் வரி கணிப்பதில்லை. கப்பல் கூலியையும் காப்புறுதியையும் கூட்டிய தொகைக்கே வரி. ஆக, 12,600 வெள்ளி. அவனுடைய விமானச் சீட்டும் தங்கலும் 3,200. மொத்தம் 15,800. யோக்கோஹாமாவில் 100 வெள்ளியாக இருந்தது, பட்டறை வாசலுக்கு வரும்போது 219 வெள்ளி ஆகிவிட்டது!

ஆதாயம் இல்லையா என்று கேட்பீர்கள். நல்ல ரிம்களிலும் இருக்கைகளிலும் இருந்தது, எப்சோபர்களில் இல்லை. கொள்கலன் நிறைய இறக்குமதி செய்யும் பெரிய வணிகருக்கு ஒவ்வொரு சாமானுக்கும் விழும் கூலி சிறியது. ஆகவே கிள்ளான் பொத்தோங் கடையில் கிடைக்கும் சாமானுக்காக ஜப்பான் போவது வீண். இங்கே கிடைக்காததற்கும், கையால் தொட்டுத் தேற வேண்டியதற்கும் மட்டுமே அந்தப் பயணம் தகும்.

சீட்டில் எழுதாத விலை

விலைச்சீட்டிலும் என் குறிப்பேட்டிலும் இல்லாத விலை ஒன்று உண்டு. என்னிடம் படித்த பையன் ஒருவன், பழைய காரில் பெரிய இயந்திரம் ஏற்றினான்; பிரேக்கை மாற்றப் பணம் போதவில்லை. செம்மண் சாலை தார்ச்சாலையில் சேரும் வளைவில் அவனை இழந்தோம். அவன் தாய் இன்னும் அந்த வழியே வேலைக்குப் போகிறார். மருமகன் பட்டறையில் இப்போது ஒரு சட்டம் உண்டு. பிரேக்கைச் சரிசெய்யாத காருக்கு டர்போ பூட்டுவதில்லை. பழைய பிரேக் பட்டை, பழைய இடுப்புவார், பழைய காற்றுப்பை ஆகியவற்றை அவன் ஜப்பானில் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இதனால் சில வாடிக்கையாளர் போய்விட்டார்கள். போகட்டும் என்கிறார் அவன் தந்தை.

இயந்திரத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி பெற்று, புஸ்பாகோம் சோதனையில் தேறி, புதிய எண்ணைக் 'கெரானில்' பதிய வேண்டும். இல்லாவிட்டால் சம்மன் மட்டுமல்ல, விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் கைவிடக்கூடும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஜப்பான் சாமானுக்குப் பணம் கேட்டால் உடனே திட்டாதீர்கள், உடனே கொடுத்தும்விடாதீர்கள். அவனை உட்காரவைத்து நான்கு கேள்விகள் கேளுங்கள். வீட்டு வாசலுக்கு வந்து சேர எவ்வளவு ஆகும்? அது உன் காருக்குப் பொருந்துமென்று எதை அளந்து தெரிந்துகொண்டாய்? இலாகா அனுமதிக்குமா? காரை நிறுத்துவதற்கு என்ன செய்திருக்கிறாய்? நான்குக்கும் விடை எழுதிக் காட்டும் பிள்ளை ஊதாரியல்லன். அவன் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டிருக்கிறான். அவனுக்குத் துணை நில்லுங்கள்.