சலான் இல்லாமல் சரக்கு நகராது

திருப்பூரில் ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் உருவாவது அபூர்வம். நிட்டிங் ஓரிடம், சாயம் வேறிடம், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல் என ஆளுக்கொரு ஜாப் ஒர்க். எந்தத் துணி ரோல் யாரிடம் நிற்கிறது என்பதை டெலிவரி சலான் சொல்லிவிடும். கோவை சரவணம்பட்டியில் மென்பொருள் வேலை பார்க்கும் நான், எந்த வேலை யாரிடம் நிற்கிறது என்று காட்டும் ரெட்மைன் டிக்கெட்டையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

எங்கள் டீமில் பாதிப்பேர் கோவையில். மற்றவர்கள் ஈரோட்டிலும் பொள்ளாச்சியிலும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள், வாடிக்கையாளர் லண்டனில். ரெட்மைன், வேலைகளை டிக்கெட்டுகளாகப் பதிந்து கண்காணிக்க 2006-ல் ழான்-பிலிப் லாங் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். ஆள் எண்ணிக்கைக்குச் சந்தா கிடையாது, நம் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். ஆனால் இலவசம் என்பது உரிமத்துக்கு மட்டும்தான். டேட்டாபேஸோடு இணைப்புக் கோப்புகளையும் பேக்கப் எடுத்து, அது திரும்ப ஏறுகிறதா என்று பார்க்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

“இன்வாய்ஸ் பிரிண்ட் வரல, பாருங்க” என்று ஒரு டிக்கெட் வந்தால் பொள்ளாச்சியில் இருப்பவர் என்ன செய்வார்? தோளைத் தட்டிக் கேட்கப் பக்கத்தில் ஆளில்லை. லண்டன் நமக்குக் கோடையில் நாலரை மணி நேரம், குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்னால். காலையில் எழும் சந்தேகத்துக்கு மதியத்துக்கு மேல்தான் பதில் வரும். அதனால் எந்த இன்வாய்ஸ், எந்த பிரவுசர், எந்த வரிசையில் கிளிக் செய்தார்கள், என்ன வர வேண்டும், என்ன வந்தது என்ற ஐந்தும் இருந்தால்தான் எங்களிடம் அது டிக்கெட்.

“முடிஞ்சுதுங்கண்ணா, டெஸ்டிங் மட்டும் பாக்கி” என்பது நம்மூரில் தினசரி கேட்கும் பதில். ரெட்மைனின் ஒர்க்ஃப்ளோவில் இதற்கு ஒரு வழி உண்டு: நிரலை எழுதியவர் ‘ரிசால்வ்டு’ வரைதான் நகர்த்தலாம், ‘குளோஸ்டு’ போடும் உரிமை டெஸ்டருக்கு மட்டும் என்று அமைத்துவிடலாம். நிரலை ரெப்பாசிட்டரியில் சேர்க்கும்போது குறிப்பில் ‘refs #’ என்பதோடு டிக்கெட் எண்ணையும் எழுதினால், அந்த மாற்றம் டிக்கெட்டின் அடியிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு வேலை இன்னொன்றைத் தடுக்கிறது என்று இணைத்துவிட்டால், முதல் வேலை முடியாமல் அடுத்ததை மூட முடியாது. இதெல்லாம் ஒழுங்காக நடந்தால், தினமும் நடக்கும் பதினைந்து நிமிட ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில் நேற்றைய கதை எதற்கு? சிக்கி நிற்பதைப் பற்றி மட்டும் பேசலாம்.

கார்டுகளை இழுத்து நகர்த்தும் பலகைதான் வேண்டுமென்றால், ரெட்மைனுக்குப் பிளகின் தேட வேண்டும், அல்லது டைகா என்ற வேறு கருவிக்குப் போகலாம். எதை எடுத்தாலும் முதல் வாரமே இருபது நிலைகளைச் சேர்த்துவிடாதீர்கள். கருவியையும் நடைமுறையையும் விட மனிதர்களும் அவர்களின் உரையாடலுமே முக்கியம் என்று 2001-லேயே அஜைல் பிரகடனம் சொல்லிவிட்டது. புதியது, நடக்கிறது, சோதனையில், முடிந்தது என்ற நான்கு நிலைகளோடு தொடங்குங்கள். டீமே கேட்கும்போது ஐந்தாவதைச் சேர்த்துக்கொள்ளலாம்.