புள்ளியை விழுங்கிய எந்திரம்

தக்கலையில் எங்கள் வீட்டின் பின்புறச் சாய்ப்பில் முன்பு விறகும் தொண்டும் ஓலையும்தான் கிடந்தன. இப்போது அங்கே ஒரு மேசையும், மேசையின்மேல் தையல் எந்திரத்தைவிடச் சற்றே பெரிய ஓர் எந்திரமும் இருக்கின்றன. கணினி காட்டும் வழியில் மரத்தைச் செதுக்கும் எந்திரம் அது. ‘3018 சி.என்.சி.’ என்பது அதன் பெயர். 30 செ.மீ. நீளமும் 18 செ.மீ. அகலமும் கொண்ட பரப்புக்குள் அதன் கை எட்டும். பெயர் அந்த அளவிலிருந்து வந்ததுதான்.

வளைகுடாவில் 14 ஆண்டுகள் மின்பணியாளனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். திரும்பி வந்த பலரையும் போல ஒரு கடை வைத்தேன். அவர்களில் பலரையும் போல அதை மூடவும் செய்தேன். கையில் மிஞ்சியதிலிருந்து 20,000 ரூபாய்க்குள் இந்த எந்திரத்தை உதிரிகளாக வாங்கினேன். பெட்டியைப் பிரித்தபோது, “விளையாட்டுச் சாமான் வாங்க இதுவா மக்களே வயசு?” என்று உம்மா கேட்டார்கள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

பூட்டுவதற்கு இஷாவுக்குப் பிந்திய இரண்டு இரவுகள் ஆயின. பிளஸ் டூ படிக்கும் மகள் படத்தைப் பார்த்துச் சொல்ல, நான் திருகினேன். அலுமினியச் சட்டங்கள், மூன்று ஸ்டெப்பர் மோட்டார்கள், அவை சுழற்றும் மூன்று மரையாணித் தண்டுகள், வெட்டுமுனையைச் சுழற்ற ஒரு மோட்டார், ஒரு மின்சுற்றுப் பலகை, அவ்வளவுதான் சாமான். முதல் இரவில் எல்லாவற்றையும் மேடுபள்ளமான பழைய மேசையின்மேல் வைத்து இறுக்கிவிட்டோம். மறுநாள் தரையில் வைத்தால் ஒரு கால் அந்தரத்தில் நின்றது. அடுக்களையில் மிஞ்சிக் கிடந்த கிரானைட் பலகையைக் கொண்டுவந்து, அதன்மேல் வைத்து எல்லாத் திருகுகளையும் தளர்த்தி மீண்டும் இறுக்கினோம். மூலைமட்டத்தை மட்டும் நம்பாமல், மூலைக்கு மூலை குறுக்கே அளந்து, இரண்டு அளவும் ஒன்றாகும்வரை தட்டிச் சரிசெய்தோம்.

இந்த எந்திரத்தின் கணக்கு எளியது. எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. மோட்டாரின் ஒரு முழுச் சுற்று 200 படிகள். மின்சுற்று ஒவ்வொரு படியையும் 16-ஆகப் பகுக்கிறது. ஆக ஒரு சுற்றுக்கு 3,200 சிறு படிகள். தண்டு ஒருமுறை சுற்றினால் தாங்கி 4 மி.மீ. நகரும். எனவே ஒரு மி.மீ. தூரத்தை 800 அடிகளாக வைத்து நடக்கிறது இந்த எந்திரம். கணினி அனுப்பும் கட்டளைகளைப் படிகளாக மாற்றும் மென்பொருளின் பெயர் ஜிஆர்பிஎல். நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-ல் எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று உலகுக்கு விட்டுவிட்ட மென்பொருள் அது. 32 கிலோபைட் நினைவகமுள்ள ஒரு சில்லுக்குள் அடங்கிவிடுகிறது. 1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எண்களால் இயங்கும் வெட்டெந்திரத்தை முதன்முதலாகக் காட்டியபோது, இதே வேலைக்கு வெற்றிடக் குழாய்கள் நிறைந்த பெரிய அலமாரிகள் தேவைப்பட்டன.

தாவூத் நபிக்கு இரும்பை இளக்கிக் கொடுத்த இறைவன், கவச வளையங்களை அளவறிந்து கோக்கும்படி பணித்ததைத் திருக்குர்ஆனில் (34:11) ஓதுகிறோம். அந்த அளவு என் எந்திரத்தில் முதலில் இருக்கவில்லை. வட்டம் வெட்டச் சொன்னால் நான்கு பக்கமும் சற்றே தட்டையான ஒரு வடிவத்தை வெட்டியது. மரையில் இடைவெளி இருந்ததால், திசை மாறும்போதெல்லாம் தண்டு கொஞ்சம் வீணாகச் சுற்றியிருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகு வேறொன்றைக் கண்டேன். மரத்தின் கணு கடினமாக இருந்தால் மோட்டார் சில படிகளைத் தவறவிடும். தவறவிட்டது எந்திரத்துக்குத் தெரியாது. தான் போய்ச் சேர்ந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கும் கண் அதற்கு இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு, அரை விரற்கடை தள்ளி நின்று, மீதி வேலை முழுவதையும் பிசகில்லாமல் செய்து முடிக்கும். திரையில் 100 விழுக்காடு என்று காட்டும்.

பாங்கு சொல்லும்போது வேலையை நிறுத்துவதிலும் ஒரு பாடம் கிடைத்தது. நிறுத்தக் கட்டளை கொடுத்தால் எந்திரத்தின் நகர்வுதான் நிற்கும். வெட்டுமுனை நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். ஒரு மஃரிபில் அப்படி விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய்த் திரும்பியபோது, பலகையில் கருகிய வடு ஒன்று கிடந்தது, சாய்ப்பெங்கும் புகைநாற்றம். தீப்பிடிக்காதது அல்லாஹ்வின் கருணை. அதிலிருந்து, முடிய எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் பார்த்து, இரண்டு வக்துகளுக்கு நடுவில் அடங்கும் வேலையை மட்டுமே தொடங்குகிறேன். ஓடும்போது பக்கத்தை விட்டு நகர்வதும் இல்லை.

இனி, இதை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

வெளிநாட்டிலிருக்கும் உறவினர் ஒருவர், எங்கள் மதரஸாவின் ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்குப் பரிசளிக்க 12 ரைஹால்கள் செய்துதரக் கேட்டார். குர்ஆனை விரித்து வைத்து ஓதும் மடக்குப் பலகையை நம் வீடுகளில் அறியாதவர் இல்லை. ஒவ்வொன்றிலும் ‘ரப்பி ஸித்னீ இல்மா’ என்ற துஆவைச் செதுக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ‘இறைவா, எனக்குக் கல்வியை அதிகமாக்குவாயாக’ என்னும் அந்தச் சொற்கள் ‘தாஹா’ அத்தியாயத்தின் 114-ஆம் வசனத்தில் வருபவை. ஓதும் பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான பரிசு எது என்றுதான் நானும் எண்ணினேன்.

மரம் வீட்டிலேயே இருந்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது எங்கள் கிணற்றடிப் பலாவும் விழுந்தது. வாப்பா அதை அறுப்பு மில்லுக்கு ஏற்றிவிட்டு, ஓர் அங்குலப் பலகைகளாக வாங்கி, இடையில் கட்டை வைத்துச் சாய்ப்பில் அடுக்கினார்கள். எதற்கு என்று கேட்டபோது, உதவும் என்று மட்டும் சொன்னார்கள். அவர்கள் மௌத்தான பிறகும் அந்த அடுக்கை எவரும் கலைக்கவில்லை. நான்தான் முதலில் கலைத்தேன். சோதனை வெட்டுகளுக்குப் போக, கணுவும் வெடிப்பும் இல்லாத 13 பலகைகள் தேறின.

ஆனால் ரைஹாலை எந்திரம் தனியாகச் செய்துவிட முடியாது. நல்ல ரைஹால் ஒரே பலகையில் உருவாவது. ஆணி இல்லை, கீல் இல்லை. பலகையின் கனத்தை இரண்டாகப் பிளந்து, நடுவில் மட்டும் விரல்கள் கோத்தாற்போல மாற்றி மாற்றி விட்டுவைத்த மரமே மடிப்பாக மாறுகிறது. இரு முனைகளிலிருந்தும் வாள் போய் அந்த விரல்களைத் தொட்டு நிற்க வேண்டும். பத்மநாபபுரம் பக்கத்தில் குடியிருக்கும் முதிய ஆசாரி ஒருவருக்கு அந்த வேலை தெரியும் என்று கேள்விப்பட்டுப் போனேன். என் எந்திரத்தின் படத்தைக் கைப்பேசியில் நெடுநேரம் பார்த்தார். “தம்பி, இதுக்கு மேலேருந்து கீழே குத்தத்தான் தெரியும். பலகைக்க உள்ளே நுழையத் தெரியாதில்லா?” என்றார். உண்மைதான். மேற்பரப்பு எனக்கு, மடிப்பு அவருக்கு, கூலி சரிபாதி என்று பேசிக்கொண்டோம். மரம் என்னுடையது என்பதால் அதற்குத் தனியாகக் கணக்குப் போடலாமா என்று ஒருகணம் தோன்றியது, விட்டுவிட்டேன். அந்த அரண்மனைப் பூமுகத்தின் மரவிதானத்தில் 90 பூக்கள் செதுக்கப்பட்டிருப்பதாகவும், ஒன்றுபோல் மற்றொன்று இராதென்றும் சொல்வார்கள். என் எந்திரத்திடம் கொடுத்திருந்தால் 90-ம் ஒரே பூவாக இருந்திருக்கும்.

ஐந்து பலகைகளைச் செதுக்கி ஆசாரியிடம் கொடுத்தேன். ஐந்தும் அழகாக மடிந்து விரிந்தன. உஸ்தாதிடம் காட்டிவிட்டு மீதியைச் செய்யலாம் என்று ஓர் அஸருக்குப் பிறகு மதரஸாவுக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். உஸ்தாத் கையில் எடுத்துத் தடவிப் பார்த்து ‘மாஷா அல்லாஹ்’ என்றார். அப்போதுதான் எழுத்துக்கூட்டி ஓதும் வகுப்பிலுள்ள ஏழு வயதுப் பிள்ளை ஒன்று, விரலை எழுத்தின்மேல் வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து நடுவில் நின்றது.

“உஸ்தாதே, இது ஸாய் இல்ல, ராயில்லா? புள்ளியக் காணலியே.”

குனிந்து பார்த்தோம். ஸாயின் மேலே புள்ளி இல்லை. ரப்பியின் பாவுக்குக் கீழே புள்ளி இல்லை. நூனுக்கும் இல்லை. ஐந்து பலகையிலும் இல்லை.

நடந்தது இதுதான். பலகையின் அகலத்துக்குள் அடங்க எழுத்தைச் சிறிதாக்கியிருந்தேன். நான் மாட்டியிருந்த வெட்டுமுனையின் குறுக்களவு 3.175 மி.மீ. கோடுகள் அதைவிட அகலமாக இருந்ததால் தப்பின. புள்ளிகள் 3 மி.மீ.க்கும் கீழே போய்விட்டன. தன்னால் நுழைய முடியாத குழியை, வெட்டும் பாதையைக் கணக்கிடும் மென்பொருள் ஓர் எச்சரிக்கையும் இல்லாமல் விட்டுவிட்டது. அதன்மேல் பெரிய குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பலகையைப் பலமுறை உப்புத்தாளால் தேய்த்தவன் நான். அந்தத் துஆ எனக்கு மனப்பாடம். ஆகையால் இல்லாத புள்ளிகளையும் சேர்த்தே என் கண் வாசித்திருக்கிறது. உஸ்தாதின் கண்ணும் அப்படித்தான். மனப்பாடம் இல்லாத பிள்ளை மட்டும் மரத்தில் இருந்ததை ஓதியது.

உஸ்தாத் கோபப்படவில்லை. ‘ஸித்னீ’ என்றால் அதிகமாக்கு என்று பொருள். அந்த ஒரு புள்ளி போய்விட்டால் அதே எழுத்துகளை ‘ருத்தனீ’, ‘என்னைத் திருப்பிவிடு’, என்றும் வாசிக்கலாம் என்று எடுத்துக்காட்டினார். ஆரம்பகால ஏடுகளில் புள்ளிகள் அரிதாகவே இருந்தன. நெஞ்சில் குர்ஆனைச் சுமந்தவர்களுக்கு அவை தேவைப்படவும் இல்லை. அரபு தாய்மொழி அல்லாத மக்கள் தீனில் பெருகியபோது, அவர்கள் பிழையாக ஓதிவிடக் கூடாதே என்று ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் நஸ்ர் இப்னு ஆஸிம் போன்றவர்கள் எழுத்துகளுக்குப் புள்ளியிட்டு முறைப்படுத்தினார்கள் என்பது மரபு. “நம்மைப் போன்றவர்களுக்காக வைத்த புள்ளி தம்பி அது” என்றார்.

உளியால் புள்ளியிட்டுத் தந்துவிடலாமே என்று கேட்டேன். அவர் சற்று யோசித்தார். பிள்ளைகள் ரைஹாலை மடக்கினால் எழுத்துள்ள வெளிப்பக்கம் தரையில்தான் படும். ஓடும்போது காலிலும் படும். குர்ஆன் வசனங்களைச் சுவரிலும் துணியிலும் பொறிப்பதையே இமாம் நவவி தமது ‘திப்யான்’ நூலில் வெறுக்கத்தக்கது என்று எழுதியிருப்பதை நினைவூட்டினார். தரையில் கிடக்கும் பொருளில் வேண்டாம், கொடிவேலை போதும் என்பது அவர் முடிவு. எனக்கு அப்போது வருத்தம்தான். புள்ளி விடுபடாமல் இருந்திருந்தால் இதை முதலிலேயே சொல்லியிருப்பாரா என்றும் நினைத்தேன், கேட்கவில்லை.

உறவினரிடம் தொலைபேசியில் நடந்ததை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, உஸ்தாத் சொன்னபடியே செய்யும்படி கூறினார். தாமதத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஆசாரி அந்த ஐந்தையும் கையால் இழைத்தார். எந்திரத்தால் முடியாதா என்று கேட்டார். மடிப்பு வெட்டிய பலகையை அசையாமல் பிடித்து வைக்க என்னிடம் வழியில்லை என்றேன். 2 மி.மீ. ஆழத்து எழுத்து, சுருள் சுருளாக இழைப்புளியின் வாயிலிருந்து வெளியே வந்தது. தரையில் விழாமல் இருக்க நான் வேட்டி விரித்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. இழைப்பதை நிறுத்தி, வேட்டியின் ஓரத்தை ஒரு கட்டையால் அழுத்தி வைத்துவிட்டுத் தொடர்ந்தார். அந்தச் சுருள்களைக் கிணற்றடியில், பலா நின்ற இடத்துக்குப் பக்கத்தில் புதைத்தேன். இழைத்த பலகைகளின் மேல்பாதி மெலிந்து, கால்பகுதியோடு ஒரு படி தெரிந்தது. ஆசாரி அதைச் சரித்துவிட்டு, சிறு உளியால் ஆளுக்கொரு பூ வைத்தார். ஐந்து பூக்களும் ஐந்து விதம்.

மீதி ஏழும் கொடிவேலையோடு எந்திரத்திலிருந்து வந்தன. இம்முறை கூம்பு முனையுள்ள பிட். அகன்ற இடத்தில் ஆழமாகவும் குறுகிய இடத்தில் மேலோட்டமாகவும் இறங்குவதால் அதற்குச் சிறு புள்ளியும் அகப்படும். ஆனால் பலகை அரை மி.மீ. வளைந்திருந்தாலும் மேலோட்டமான இடங்கள் மறைந்துவிடும். இங்குள்ள மழைக்காலத்தில் எந்தப் பலகைதான் வளையாது? அதனால் ஒவ்வொன்றையும் மாட்டிய பிறகு ஒன்பது இடங்களில் முனையை இறக்கி உயரம் பார்க்கிறோம்.

விழா முடிந்துவிட்டது. பிழையைக் கண்ட பிள்ளைக்கு ஆசாரியின் பூ உள்ள ரைஹால் ஒன்று கிடைத்தது. குலுக்கலில்தான், யாரும் சொல்லிவைக்கவில்லை. இப்போது வீட்டுப் பெயர்ப்பலகைகள் கேட்டு வருகிறார்கள். தமிழில் கேட்பவர்களும் உண்டு. எழுத்து வரைந்து முடிந்ததும் மகள் ஒரு தாளில் புள்ளிகளை எண்ணி எழுதுகிறாள். வெட்டும் பாதை வந்தபின் இன்னொரு முறை எண்ணுகிறாள். நேற்று ‘இல்லம்’ என்ற சொல்லுக்குக் கீழே அவள் எழுதியிருந்த எண் 2. திரையில் ஒன்றுதான் இருந்தது.