புழுதி விதைப்பு

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் பண்டைத் தமிழர். பொருளிலக்கணம் பயிலும் மாணவன் எவனும் இவ்வரிசையை மனனஞ் செய்யாது பரீட்சைக்குச் செல்வதில்லை. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் என்பது அவன் முதலிற் கற்கும் செய்தி. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்து வளர்ந்த ஒருவன் அம்மாதங்களில் தன் ஊரை நினைத்துப் பார்ப்பானாயின், அவன் கண்முன் தோன்றுவது காரன்று, புழுதி. சோளகம் ஓய்ந்தும் ஓயாததுமான நாட்கள் அவை. கிணறுகளில் நீர் அடிக்கு இறங்கியிருக்கும். வயல் வெடித்துக் கிடக்கும். மழை ஐப்பசியிலேதான் ஒழுங்காக வரும், கார்த்திகையிலே கொட்டும். இலக்கணம் கார் என்று பெயரிட்ட மாதங்களிற் குடாநாட்டு உழவன் காய்ந்த மண்ணில் நெல்லை விதைத்துக்கொண்டிருக்கிறான்.

புழுதி விதைப்பு எனப்படும் இம்முறை, அதனை முன்பு கண்டிராதவர்களுக்கு ஓர் அறியாமையாகவே தோன்றும். ஈரம் சிறிதுமற்ற நிலத்தை உழுது, கட்டிகளை உடைத்து, நெல்லை வீசி, மறுபடியும் உழுது மூடிவிட்டு உழவன் வீடு திரும்புகிறான். வானத்தில் ஒரு துண்டு முகிலும் இராது. மழையைக் கண்டபின் விதைத்தாலென்ன என்ற வினா எழுவது இயல்பே. அதற்கான விடை நிலத்திலேயே உள்ளது. குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மேற் படிந்த மெல்லிய மண். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அங்கில்லை. வழுக்கியாறு என்று ஒன்றுண்டு. அதுவும் மாரியில் மட்டுமே ஆறு. நெல்வயல்களுக்கு வானமே வாய்க்கால். அவ்வானமும் தன் கொடையிற் பெரும்பகுதியை ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடைப்பட்ட சில வாரங்களிலேயே வழங்கித் தீர்த்துவிடுகிறது. மழை வந்தபின் விதைக்கப்படும் நெல், முளைவிடும் பருவத்திலேயே தேங்கிய நீரில் மூழ்கி அழுகும். புழுதியிற் கிடந்த நெல்லோ முதல் மழைக்கே கண்விழித்து, வெள்ளம் வருமுன் உயர்ந்து, நீருக்கு மேலே தலையை வைத்துக்கொள்ளும். மொட்டைக்கறுப்பன் போன்ற பழைய நெல்லினங்கள் இந்த ஒழுங்கிற் பழகியவை. ஆக, உழவன் மழைக்கு முந்துவது துணிச்சலைக் காட்டுவதற்கன்று. பிந்தினால் மழையே பகையாகிவிடும் என்பதனாலாகும்.

தென்மராட்சியிலிருந்து பேராதனைக்கு வந்த மாணவன் ஒருவனுக்கு இவையெல்லாம் தெரிந்தவையே. அவன் சிறுவயதிலிருந்து அப்புவின் பின்னால் வயலுக்குப் போய் வளர்ந்தவன். தெரிந்த அந்தச் செய்தி தனக்கும் உரியது என்பதே அவனுக்கு நெடுநாள் தெரியாதிருந்தது.

அவனை மருத்துவனாகக் காணவே வீட்டார் எண்ணியிருந்தனர். உயிரியற் பிரிவில் இருமுறை தோற்றியும் புள்ளிகள் போதவில்லை. மூன்றாம் முறை கலைப் பிரிவிற் தோற்றிப் பல்கலைக்கழகம் புகுந்தான். ஊரில் எவரும் அவனை இகழ்ந்தாரல்லர். “ஆட்ஸ்தானே” என்று மட்டும் சொன்னார்கள். அந்தத் ‘தானே’ என்ற இடைச்சொல்லின் பொருளை எந்த இலக்கண நூலும் முழுமையாக விளக்கியிருப்பதாகத் தோன்றவில்லை. அதனைச் சுமந்துகொண்டே அவன் ஆனையிறவையும் வவுனியாவையும் தம்புள்ளையையும் கடந்து, ஒரு வைகாசி மாத இறுதியில் மலைநாட்டுக்கு வந்து சேர்ந்தான்.

வந்த கிழமையே அவனைத் திகைக்கச் செய்தது மகாவலி. இருபது வயது கடந்த ஒருவன் வற்றாத ஆறு ஒன்றினை அருகிருந்து முதன்முதலாகக் காண்பது வேறிடத்தவர்க்கு வேடிக்கையாக இருக்கலாம்; குடாநாட்டான் ஒருவனுக்கு அது வேடிக்கையன்று. ஊரிற் சோளகம் புழுதியை அள்ளி வீசும் அதே நாட்களில் இங்கே தூறல் விட்டபாடில்லை. ஆறு சிவந்து பெருகிற்று. புவியியல் பயிலும் நண்பனொருவன் இதற்கு விளக்கந் தந்தான். தென்மேற்கிலிருந்து கடல்மேல் ஈரம் சுமந்து வரும் காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவிலே மோதி உயர்ந்து குளிர்ந்து மழையாகிறது. மலைகளின் மறைவில் உள்ள சமவெளிகளுக்கு வரட்சியாகவே போய்ச் சேர்கிறது. மலைகளுக்கு வெகு தொலைவில் தட்டையாகக் கிடக்கும் குடாநாட்டிலோ அதனைத் தடுத்து உயர்த்த எதுவுமில்லை. மகாவலியைப் பெருக்கும் காற்றும் தென்மராட்சி வயலைக் காயவைக்கும் சோளகமும் ஒன்றே. நீர்கொழும்பிலும் சிலாபத்திலும் அதே காற்று கடலைக் கொந்தளிக்கச் செய்யும்போது அப்பகுதி மீனவர்களிற் பலர் வள்ளம் வலைகளுடன் கிழக்குக் கரைக்குப் பெயர்ந்துவிடுகின்றனர். அங்கே அப்போது கடல் அமைதியாக இருக்கும். பருவம் என்பது காலத்தை மட்டுமன்று, நிற்கும் இடத்தையும் பொறுத்தது என்பதை அம்மீனவர்கள் பாடப்புத்தகம் இன்றியே அறிந்திருந்தனர்.

(இங்கு ஒன்றைக் கூறாமல் விடல் இயலாது. பருவங்களை வைத்து வாழ்க்கையை விளக்கும் மாணவர் கட்டுரைகளிற் பெரும்பாலும் இலையுதிர் காலமும் பனிபடர்ந்த சோலையும் இடம்பெறுவதைக் காணலாம். அவற்றை எழுதியவர் எவரும் பனி கொட்டக் கண்டவரல்லர். பங்குனியில் வேம்பு இலையுதிர்த்துத் தளிர்த்துச் சித்திரையிற் பூச்சொரிவதையும், அப்பூவைக் கூட்டி அள்ளி வடகம் போடும் கைகளையும் விட்டுவிட்டு, கண்டிராத மரத்தின் காணாத இலையை உதிர்ப்பானேன்?)

மாணவனின் கதை இதற்குள் நன்றாகப் போகவில்லை. விடுதியில் அவன் தன் ஊரவர் நால்வரோடு மட்டுமே உறைந்தான். சிங்களம் பேசும் அறைத்தோழன் புன்னகைத்தால் இவனும் புன்னகைப்பான். அதற்குமேல் வார்த்தை எழாது. ஆங்கில வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து ஐந்து நிமிடம் பேசவேண்டும் என்றபோது, இருமுறை அவன் வகுப்புக்கே செல்லவில்லை. பிழையாகப் பேசுவோம் என்பது மட்டுமன்று அவனுடைய அச்சம். சரியாகப் பேசப் பழகிவிட்டால் தான் வேறொருவனாகிவிடலாம் என்ற அச்சமும் அதனுள் ஒளிந்திருந்தது. முதல் விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது அவன் பேச்சிற் கண்டிக்காரரின் ஒரு சொல் வந்து விழுந்ததும், கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். போன இடத்திலும் பொருந்தாமல், வந்த இடத்திலும் ஒட்டாமற் போய்விடுவோமோ என அவன் கலங்கினான். நன்றாகத் தயாரான பின்னரே வாய்திறப்பது என முடிவுசெய்துகொண்டான். ஈரங் கண்டபின் விதைப்பது என்ற முடிவே அது என்பதை அவன் அப்போது உணரவில்லை.

அடுத்த விடுமுறை புரட்டாசியில் வந்தது. அப்பு விதைப்புக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். உழவு இயந்திரம் கிளப்பிய புழுதி அடங்கியதும், கடகத்தில் நெல்லுடன் அவர் வயலுக்குள் இறங்கினார். வரம்பில் நின்ற பேரன் சின்ன வயதிற் கேட்காத வினாவை அன்று கேட்டான்.

“அப்பு, மழை வராட்டில்?”

“வராட்டில் திருப்பி விதைக்கிறது.”

“முதல் தூறலுக்கு முளைச்சுப்போட்டுப் பிறகு வெயிலுக்கை கருகினால்?”

“கருகும்தான். எத்தினைதரம் கருகியிருக்கு. கொண்டுவந்த விதைநெல்லு முழுக்க ஒருநாளிலை வீசுற விசரன் ஆரடா? வீட்டுக்கை ஒரு சாக்குக் கட்டி வைச்சிருக்கிறன்.”

“உங்களுக்குப் பயமில்லையோ?”

கிழவர் வீசிய கையை நிறுத்தினார். “பயமில்லாமல் என்ன? பயந்துகொண்டுதான் விதைக்கிறது.”

அன்று மாலை திண்ணையிலிருந்து அவர் கூறியவை பேரனுக்குப் புதியனவாயிருந்தன. புழுதி விதைப்பு தம் குடும்பத்தின் பரம்பரைத் தொழில் என்றே அவன் இதுவரை எண்ணியிருந்தான். உண்மை அதுவன்று. அப்பு வலிகாமம் வடக்கின் செம்மண்ணிற் பிறந்தவர். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்தவர். அங்கே கிணற்று நீர் கைக்கெட்டும்; நீரைக் கண்டு, பாத்தியை நனைத்து, பிறகே நடுவர். 1990 இல் போர் அந்த மண்ணை விட்டு அவரை எழுப்பியது. தென்மராட்சிக்கு வந்து குத்தகைக்கு வயலெடுத்தபோது அவருக்கு நாற்பது வயது. நெல்லைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் சோறு மட்டுமே என்று தாமே சொல்லிச் சிரித்தார். முதல் ஆண்டிற் சுற்றிலுமுள்ளோர் புழுதியில் விதைத்தபோது அவர் விதைக்கவில்லை. தண்ணீரைக் காணாமல் விதையை மண்ணிலிடச் செம்மண்காரன் கைக்கு மனம் வரவில்லை. மழை விழுந்தபின் விதைத்தார். பத்து நாளில் வயல் குளமாயிற்று; முளை அத்தனையும் போயிற்று. அயல் வயற்காரர் ஒருவர், தம்மிலும் இளையவர், அடுத்த ஆண்டு கூடநின்று பழக்கினார். நாற்பது வயதில் இருபத்தைந்து வயதானவரிடம் தொழில் பழகிய வெட்கத்தை அப்பு மறைக்கவில்லை. “வெக்கந்தான். வெக்கத்தைப் பாத்தால் பிள்ளையள் என்னத்தைத் தின்னுறது?”

பழகியபின் எல்லாம் நலமே நடந்தது எனக் கூறினால் அது பொய்யாகும். 2000 ஆம் ஆண்டில் தென்மராட்சியிலும் போர் மூண்டபோது மறுபடியும் புறப்பட வேண்டியிருந்தது. திரும்பி வந்து விதைத்த ஆண்டுகளில் ஒன்றான 2008 இல், கார்த்திகையில் நிஷாப் புயலின் வெள்ளம் முந்தி விதைத்தவன் வயலையும் பிந்தி விதைத்தவன் வயலையும் வேறுபாடின்றி மூடிற்று. அவ்வாண்டு எந்த முறையும் எவரையும் காக்கவில்லை.

இவ்விடத்திற் பருவ உவமையின் எல்லையும் புலப்படுகின்றது. வாடை போனால் மறு ஆண்டு வரும். தையில் வல்வெட்டித்துறைப் பிள்ளைகளின் பட்டங்கள் மறுபடியும் அதிலே ஏறும். 1990 இல் போன செம்மண் அவ்வாறு மறு ஆண்டு வரவில்லை. போர் முடிந்து ஆண்டுகள் பல சென்றபின் அக்காணி விடுவிக்கப்பட்டபோது அப்பு போய்ப் பார்த்தார். கிணற்றுக் கட்டைப் பிளந்துகொண்டு ஆலங்கன்று ஒன்று நின்றது. எல்லைப் பனைகள் இல்லை. அரைநாள் நின்றுவிட்டு, அன்று மாலையே தென்மராட்சிக்குத் திரும்பினார்; மறுநாள் களைபிடுங்க ஆள் சொல்லியிருந்தது. இயற்கையின் மாற்றத்தையும் மனிதர் மனிதர்க்கிழைத்த மாற்றத்தையும் ஒரே தட்டில் வைத்து, எல்லாம் பருவந்தான், எதற்கும் அஞ்சற்க என உபதேசிப்பது எளிது. வயலை இழந்தவர் முன்னே அவ்வாறு பேசுவது தகாது. அப்புவும் அப்படிப் பேசவில்லை. செம்மண்ணைப் பற்றிக் கேட்டால் இன்றும் அவர் பேச்சு நின்றுவிடுகிறது. நெல் விதைக்கக் கற்றதனால் அவர் செம்மண்ணை மறந்தவருமல்லர். வெங்காயம் செய்த கையாற்றான் நெல்லையும் வீசுகிறார். பேரனின் மனத்திற் பதிந்தது அந்தக் கை. மாறியபின்னும் அது வேறொருவரின் கையாகிவிடவில்லை.

பேராதனைக்குத் திரும்பியபோது ஐப்பசி பிறக்கவிருந்தது. தென்மேற்குக் காற்று அடங்கி வடகீழ்க் காற்று இன்னும் நிலைகொள்ளாத அந்த இடைக்காலத்தில் தீவு முழுவதற்கும் மழையுண்டு. பகல் வெயிலாயிருக்கும்; மாலை நான்கு மணிக்கு இடியுடன் வானம் உடையும். மலைக்கும் குடாநாட்டுக்கும் ஒரே வேளையில் மழை பெய்யும் காலம் அது.

அவ்வாறான ஒரு மாலையில் ஆங்கில வகுப்பில் அவன் முறை வந்தது. அவன் போனான். பேசுவதற்கு வேறு பொருள் எதுவும் அவனிடம் இல்லாமையால் அப்புவின் விதைப்பைப் பற்றிப் பேசினான். காலங்கள் தவறின, ஒருமையும் பன்மையும் இடம் மாறின. புழுதி விதைப்புக்கு ஆங்கிலச் சொல் தெரியாமையால் நடுவில் நின்று, நெல் வீசுவதைக் கையாற் காட்டினான். பின்வரிசையில் எவரோ சிரித்தனர். முகம் சிவந்தது. நிறுத்தாமற் பேசி முடித்தான். ஐந்து நிமிடத்துக்கு மூன்றரை நிமிடமே தேறிற்று.

வகுப்பு முடிந்தபின், அனுராதபுரப் பகுதியிலிருந்து வந்த மாணவியொருத்தி தாழ்வாரத்தில் அவனை மறித்தாள். தன் தந்தையும் மழைக்கு முன்னரே காய்ந்த மண்ணில் விதைப்பவர் என்றும், தங்கள் ஊரில் அதனைக் ‘கெக்குலம’ என்பர் என்றும் பாதி ஆங்கிலத்திலும் பாதி சிங்களத்திலும் கூறினாள். அவளுடைய ஆங்கிலத்திலும் காலங்கள் தவறியிருந்தன. அந்தச் சொல்லை அவன் இருமுறை சொல்லிப் பார்த்தான்; அவள் திருத்தினாள். ‘புழுதி’ என்பதை அவள் சொன்னபோது ழகரம் வரவில்லை. இவன் திருத்தினான். மழை விடும்வரை இருவரும் அங்கேயே நின்றனர்.

இரவு வீட்டிலிருந்து அம்மாவின் அழைப்பு வந்தது. முந்திய நாள் நல்ல மழையாம். வயலிற் பச்சை தெரிகிறதாம். மேற்குப் பக்கத்து இரண்டு பரப்பு மட்டும் முளைக்கவில்லையாம்.

“அப்பு என்ன செய்யிறார்?” என்று கேட்டான்.

“அவரோ? சாக்கை அவிழ்க்கிறார்” என்றாள் அம்மா.