எதிர்காலத்தைக் கூடிப் படித்தோம்

காலம் மூன்று என வகுத்தது நம் இலக்கணம். ஆயினும் தமிழ் பயில்வோராகிய நாம் பெரிதும் தங்கி வாழ்வது இறந்தகாலத்தில்தான். சங்கப் பாடல்களையும் காப்பியங்களையும் கல்வெட்டுகளையும் கூடியிருந்து கற்கிறோம். அதற்கெனக் கழகங்களும் மன்றங்களும் கண்டுள்ளோம். நிகழ்காலத்தை நாளிதழ்கள் பார்த்துக்கொள்கின்றன. எதிர்காலத்தைப் பேசும் கதைகளை மட்டும் பள்ளிப் பருவத்தில் பாடநூலுக்குள் மறைத்துவைத்துத் தனியே படிக்கிறோம், வளர்ந்தபின் மறந்துவிடுகிறோம். அறிவியல் புனைகதை என்னும் அவ்விலக்கியத்தைக் கூடிப் படிக்க ஒரு வாசகர் வட்டம் வேண்டும் என்னும் எண்ணம், தாம்பரத்தைச் சுற்றி வாழும் எங்களில் சிலருக்கு எழுந்தது. இணையத்தின் வழியே அவ்வட்டம் தோன்றிய வகையையும், அது எங்களுக்குக் கற்பித்தவற்றையும் இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

கூட்டத்தில் பிறந்த இலக்கியம்

அறிவியல் புனைகதையின் பிறப்பே ஒரு வாசிப்புக் கூட்டத்தில் நிகழ்ந்தது எனலாம். 1815-ஆம் ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் புகையும் வானில் பரவியதால், அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடைக்காலமே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்த நண்பர் சிலரை ஓயாத மழை வீட்டுக்குள் அடைத்தது. அவர்கள் பேய்க்கதை நூலொன்றைக் கூடிப் படித்தனர். பின்னர், ஆளுக்கொரு கதை எழுதுவோம் என்று கவிஞர் பைரன் முன்மொழிந்தார். அக்கூட்டத்தில் இருந்த பதினெட்டு வயதுப் பெண் மேரி எழுதத் தொடங்கிய கதையே, 1818-இல் வெளிவந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' புதினம்.

அமெரிக்காவில் 1926-இல் ஹியூகோ கெர்ன்ஸ்பாக் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்னும் இதழைத் தொடங்கினார். அதில் வாசகர் கடிதங்கள் முகவரியுடன் அச்சாயின. முகவரியைக் கண்ட வாசகர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டனர். ஊர்தோறும் வட்டங்கள் அமைத்தனர். 1939-இல் நியூயார்க் நகரில் அறிவியல் புனைகதை அன்பர்களின் முதல் உலக மாநாடே கூடியது. இவ்விலக்கியத்தின் வாசகர் மட்டும் ஏன் இப்படி ஒருவரையொருவர் தேடிச் செல்கின்றனர்? 'இவ்வாறு நேர்ந்தால் என்ன ஆகும்?' என்பதே இக்கதைகள் எழுப்பும் வினா. அவ்வினாவைத் தனியே அமர்ந்து கேட்டால் ஒரு விடைதான் கிடைக்கும். பலர் கூடிக் கேட்டால், நாம் எதிர்பாராத விடைகள் வந்து சேரும்.

எங்கள் மண்ணின் உரிமை

தென்சென்னைப் புறநகருக்கு இவ்விலக்கியத்தோடு ஓர் உறவு உண்டு. குரோம்பேட்டையில் 1949-இல் நிறுவப்பெற்ற சென்னைத் தொழில்நுட்பப் பயிலகத்தில் பயின்றவர் எழுத்தாளர் சுஜாதா. இராமேசுவரத்திலிருந்து வந்து வானூர்திப் பொறியியல் கற்ற ஆ.ப.ஜெ. அப்துல் கலாமும் அதே பயிலகத்தின் மாணவரே. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணிபுரிந்தவாறே தமிழுக்கு 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' ஆகிய புதினங்களைத் தந்தார் சுஜாதா. ஜீனோ என்னும் இயந்திர நாய்க்குட்டியை அறியாத தமிழ் வாசகர் ஒரு தலைமுறையில் மிகச் சிலரே.

எங்களை ஒன்றுசேர்த்தது மின்தொடர் வண்டி. கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931-ஆம் ஆண்டிலேயே மின்சார வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. பணிக்கும் படிப்புக்குமாக நாள்தோறும் அதில் செல்லும் நாங்கள் நால்வர், கையிலிருந்த நூலைக் கண்டு பழகினோம், நூல்களை மாற்றிக்கொண்டோம், பல்லாவரம் வருவதற்குள் ஒரு கதையைச் சொல்லி முடிக்கவும் கற்றுக்கொண்டோம். 2020 மார்ச் மாதத்தில் பெருந்தொற்றினால் ஊரடங்கு வந்தது, வண்டிகள் நின்றன. ஜெனீவா நண்பர்களை மழை அடைத்ததுபோல் எங்களை நோய் அடைத்தது. கைப்பேசியின் வழியே கூடுவோம் என்று முடிவு செய்தோம். சனிக்கிழமை இரவு எட்டு மணி என்று நேரமும் குறித்தோம்.

வட்டத்தின் நெறிகள்

முதல் மாதத்திலேயே நால்வர் பதினால்வர் ஆயினர். சேலையூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்தார். பெருங்களத்தூரிலிருந்து வீடுதோறும் பொருள் கொண்டு சேர்க்கும் பணியில் உள்ள இளைஞர் வந்தார். வண்டலூர், முடிச்சூர்ப் பக்கங்களிலிருந்து கல்லூரி மாணவியர் வந்தனர். ஆள் பெருகவே நெறிகள் தேவைப்பட்டன.

கட்டணமில்லாத இணையக் கூட்டம் நாற்பது நிமிடத்தில் தானே நின்றுவிடும். அதனையே எங்கள் கால அளவாகக் கொண்டோம். நீண்ட சொற்பொழிவுகளுக்கு அது நல்ல மருந்தாக அமைந்தது. பெரும் புதினங்களை ஒதுக்கி, ஓர் இரவில் படித்து முடிக்கத்தக்க கதைகளையே முதலில் எடுத்தோம். படிக்க நேரமில்லாதவரும் வரலாம். முதல் பத்து நிமிடத்தில் ஒருவர் கதையைச் சொல்வார். முகம் காட்டவேண்டும் என்று எவரையும் வற்புறுத்துவதில்லை, குரல் போதும். விலைக்கு வாங்கிய நூல், நூலகத்து நூல், பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல் ஆகியவற்றையே பயன்படுத்துவது, களவாகப் படியெடுத்தவற்றைப் பரப்புவதில்லை என்றும் உறுதி கொண்டோம். அனைத்திற்கும் மேலாக, மூலம் எம்மொழியில் இருப்பினும் பேச்சு தமிழிலேயே நிகழவேண்டும் என்றோம். ஒவ்வொருவரும் ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு தமிழில் சொல்லிவர, மொழிபெயர்ப்புப் பட்டறையாகவே அது மாறிற்று.

ஒரு சொல் பட்ட பாடு

'ரோபோ' என்பதற்குத் தமிழ் என்ன என்னும் வினா ஒரு கூட்டத்தையே விழுங்கியது. 'இயந்திர மனிதன்' என்றார் ஒருவர். 'எந்திரன்' போதும் என்றார் மற்றொருவர். அச்சொல்லின் பிறப்பைத் தேடினோம். செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாபெக் 1920-இல் எழுதிய நாடகத்தின் வழியே உலகிற்கு வந்த சொல் அது. அதன் வேர்ச்சொல்லுக்குக் கட்டாய உழைப்பு என்பது பொருள். இதனைக் கேட்டவுடன் தமிழாசிரியர் ஐயா, நம் கல்வெட்டுகளில் கூலியில்லாக் கட்டாய உழைப்புக்கு 'வெட்டி' என்னும் பெயர் உண்டு என்றார். 'வெட்டி வேலை' என்று இன்று நாம் எளிதாகச் சொல்லும் சொல்லுக்குள் மறுக்க இயலாமல் உழைத்தவர்களின் வியர்வை இருக்கிறது என்று அவர் விளக்கியபோது எவரும் பேசவில்லை.

சற்று நேரம் கழித்துப் பெருங்களத்தூர் இளைஞர் பேசினார். எந்த வீட்டிற்கு, எந்த வழியில், எத்தனை நிமிடத்தில் செல்லவேண்டும் என்பதைத் தமக்குக் கைப்பேசிதான் கட்டளையிடுகிறது. மழையால் தாமதமானது என்று சொல்லி விளங்கவைக்க அங்கே ஒரு மனிதரும் இல்லை. சாபெக்கின் நாடகத்தில் தாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரியவில்லை என்றார். நூறாண்டுகளுக்கு முற்பட்ட நாடகமும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்வெட்டும் ஓர் இளைஞரின் சென்ற மாதச் சம்பளத்தில் வந்து சந்தித்தன. இலக்கியம் பயில்வதன் பயன் யாது என்று வினவுவோர்க்கு இதனைவிடச் சிறந்த விடை எங்களிடம் இல்லை.

சுல்தானாவின் கனவு

எங்கள் வட்டத்திற்கு உயிர் தந்தது மற்றொரு நூல். பேகம் ரொக்கையா சகாவத் உசேன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' அது. இன்றைய வங்கதேசத்தின் ரங்கப்பூர்ப் பகுதியில் 1880-இல் பிறந்தவர் ரொக்கையா. பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்பாத காலம். வீட்டார் உறங்கியபின் தமையனாரிடம் ஆங்கிலம் கற்றார். மணமானபின், கணவர் அலுவல் நிமித்தம் வெளியூர் சென்றிருந்த நாட்களில் பொழுதுபோக்காக இக்கதையை எழுதினார். அது எங்கே அச்சேறியது தெரியுமா? நம் சென்னையில்! கமலா சத்தியநாதன் ஆசிரியராக இருந்து நடத்திய மகளிர் ஆங்கில இதழில் 1905-இல் அது வெளிவந்தது. திரைக்குப் பின்னே வாழ்ந்த ஒரு பெண்ணின் குரல், கிழக்கே இருந்து புறப்பட்டுச் சென்னை வழியாக உலகை அடைந்தது. அக்காலத்து இதழ் ஆற்றிய பணியையே இன்று கைப்பேசி ஆற்றுகிறது.

அக்கதையில் சுல்தானா கனவில் ஒரு மகளிர் நாட்டைக் காண்கிறாள். ஆடவர் அங்கே வீட்டுக்குள் இருக்கின்றனர். மகளிர் நாட்டை ஆள்கின்றனர். அந்நாட்டில் மகளிர் பல்கலைக்கழகங்கள் இரண்டு. ஒன்று, மேகங்களுக்கு மேலே ஒரு பெரும் பலூனை நிறுத்தி, குழாய்கள் வழியே நீரை இறக்கிக்கொள்கிறது; அதனால் புயலும் பெருமழையும் நின்றுவிடுகின்றன. மற்றொன்று ஞாயிற்றின் வெப்பத்தைச் சேர்த்துவைக்கிறது. சமையலறையில் கரியும் இல்லை, புகையும் இல்லை. படையெடுத்து வந்த பகைவரை அச்சேமித்த வெப்பத்தைக் கொண்டே விரட்டுகின்றனர். ஞாயிற்று ஆற்றலைப் பற்றி உலகம் விரிவாகப் பேசுமுன்னரே எழுதப்பட்ட கதை இது.

முடிச்சூரிலிருந்து வந்த வினா

இக்கதையை நாங்கள் எடுத்த நேரத்தில் வட்டத்திற்குள் ஒரு கவலை இருந்தது. முடிச்சூர் மாணவி ஒருவர் இனி வர இயலாது என்று எழுதியிருந்தார். வீட்டில் கைப்பேசி ஒன்றே. அதில் தம்பியின் பாடமும் நடக்கவேண்டும். இரவு நேரத்தில் முகமறியாதவர்களோடு பெண்பிள்ளைக்கு என்ன பேச்சு என்று தந்தையார் கேட்டாராம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் சென்றவர் அவர். வட்டத்தில் மிகக் கூர்மையாகப் படித்தவரும் அவரே. எங்களுள் மூத்தவரான அக்கா ஒருவர் அவருடைய அன்னையாரிடம் பேசினார். 'மறைப்பதற்கு இங்கே ஒன்றுமில்லை. கைப்பேசியைச் சமையலறை அலமாரியில் வைத்து ஒலியைக் கூட்டிவிடுங்கள். வீட்டார் அனைவரும் கேட்கட்டும்' என்றார். அன்னையார் இசைந்தார். சில வாரங்கள் பாத்திர ஒலியோடு அம்மாணவியின் குரல் வந்துகொண்டிருந்தது.

'சுல்தானாவின் கனவு' முடிந்த அன்று, அப்பாத்திர ஒலி நின்று, புதிய குரலொன்று கேட்டது. அன்னையார் பேசினார். 'எல்லா மேகத்து நீரையும் அந்த நாட்டுப் பெண்களே இழுத்துக்கொண்டால், பக்கத்து நாட்டுக்கு மழை எங்கிருந்து வரும்?' என்று கேட்டார்.

படித்தவர்கள் என்று எண்ணிக்கொண்டிருந்த எங்களுள் ஒருவருக்கும் அவ்வினா தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் மூழ்கடித்தபோது, அண்டை வீட்டு மொட்டை மாடியில் பிள்ளைகளோடு இரவைக் கழித்தவர் அவர். அதே சென்னையில் 2019 கோடையில் ஏரிகள் வறண்டன. சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் வந்தது. அவ்வாண்டு தண்ணீர் வண்டிக்காகக் குடங்களோடு விடியற்காலையில் நின்றவரும் அவரே. ஓரிடத்தில் நீரைத் தடுத்தால் மற்றோரிடத்தில் என்ன ஆகும் என்பதை அவர் நூலில் படிக்கவில்லை.

அன்றைய நாற்பது நிமிடம் முடிந்தபின், மீண்டும் இணைந்து மேலும் நாற்பது நிமிடம் பேசினோம். ரொக்கையாவின் கனவு எவ்வளவு உயர்ந்தது, அக்கனவிலும் விடுபட்டவர் யார், அண்டை நாட்டாருக்கு அதில் இடம் எங்கே என்றெல்லாம் பேச்சு விரிந்தது. ஏரிகளைத் தூர்த்து எழுந்த எங்கள் நகர்களைப் பற்றியும் பேசினோம். மறுவாரம் முதல், சனிக்கிழமை எட்டு மணிக்குக் கைப்பேசி அந்தச் சமையலறைக்கே உரியதாயிற்று. தந்தையாரும் வாயிற்படியில் அமர்ந்து கேட்பதாக மாணவி சொன்னார்.

ரொக்கையா கனவோடு நின்றுவிடவில்லை என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும். கணவர் மறைந்தபின் 1909-இல் பாகல்பூரில் ஐந்து மாணவியரோடு ஒரு பள்ளி தொடங்கினார்; 1911-இல் கல்கத்தாவில் எட்டுப் பேரோடு அதனை மீண்டும் தொடங்கினார். அப்பள்ளி அவர் காலத்திற்குப் பின்னும் நிலைத்தது. பெருங்கனவு கண்டவர் ஐவரும் எண்மரும் போதுமென்று தொடங்கினார் என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

நிறைவாக

தொற்று தணிந்தது, மின்தொடர் வண்டிகள் மீண்டும் ஓடின. இனி நேரில் கூடலாமே என்று சிலர் கூறினர். நேரில் கூடினால் தேநீர் உண்டு, முகமலர்ச்சி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவ்வாறு கூடினால் இரவுப் பணிக்குச் செல்பவரும், குழந்தையைத் தூங்கவைப்பவரும், முடிச்சூர் அன்னையாரும் வர இயலாது. ஆதலின் சனிக்கிழமைக் கூட்டம் இணையத்திலேயே தொடர்கிறது; நேரில் சந்திப்பது எப்போதேனும் ஒருமுறை.

அறிவியல் புனைகதை மேனாட்டார் சரக்கு, நம் மரபுக்கு ஒவ்வாதது என்பாரும் உளர். மேகத்து நீரைப் பற்றியும் கூலியில்லா உழைப்பைப் பற்றியும் பேசுவது எந்நாட்டுச் சரக்கு? நாளைய உலகைப் பற்றித் தமிழில் பேசாவிடின், நாளைய உலகில் தமிழுக்குரிய சொற்களும் இரா. அச்சொற்கள் பட்டியலிட்டு வருவன அல்ல. மக்கள் கூடி வழக்காடும்போது பிறப்பன.

மாணவ நண்பர்களே! உங்கள் விடுதியிலோ தெருவிலோ நால்வர் போதும். ஒரு சிறுகதையை எடுங்கள். படிக்காதவரையும் அழையுங்கள். பேசத் தயங்குபவருக்காகச் சற்றுக் காத்திருங்கள். நீங்கள் எண்ணிப் பாராத வினா அவரிடம் இருக்கக்கூடும்.