நொச்சிச் சாறும் ரப்பர் விறகும்

எண்ணெய் காய்ச்சும் நாளில் அக்கா யாரோடும் அதிகம் பேசுவதில்லை. நொச்சி இலையை இடித்துச் சாறு பிழிகிற வரைக்கும் கை ஓயாது. சட்டி அடுப்பில் ஏறிவிட்டால் கண் ஓயாது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சிலிம் ரிவர் பட்டணத்தை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பில், வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட சார்ப்பில் இருக்கிறது அந்த அடுப்பு. மூன்று கல், ரப்பர் விறகு. அக்கா ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே கல்யாணம் செய்து, பால் வெட்டியவர். மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு குனிந்து குனிந்து உதிரிப்பழம் பொறுக்கினார். லயத்தைக் காலி செய்தபோது லாரியில் ஏறிய சாமான்களில் மாமியாரின் இரும்புச் சட்டியும் ஒன்று. "எம் பேரெல்லாம் போட வேணாம் தம்பி, எண்ணெயப் பத்தி எழுது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆகவே இந்தக் கட்டுரையில் அவர் அக்காதான்.

சிலிம் ரிவர் என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு 1942 ஜனவரி 7 நினைவுக்கு வரும். விடிவதற்கு முன்பே ஜப்பானிய டாங்கிகள் டிரங்க் ரோட்டில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் அரண்களைப் பிளந்துகொண்டு போன நாள். அந்தச் சாலையோரத்தில் ரப்பர் தோட்டங்களும் இருந்தன. போர்க்கதை எழுதியவர்கள் மரங்களை மறைவிடமாகக் குறித்தார்கள். அந்த மரங்களுக்கு அடியில் தினமும் நடந்த வேலை உடம்பை என்ன செய்தது என்பது பாட்டாளிகளின் முதுகில் மட்டும் பதிவானது. இருட்டோடு பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு நிற்க வேண்டும். பட்டை தாழ்வாக இருந்தால் இடுப்பை ஒடித்து வெட்ட வேண்டும், உயரத்தில் இருந்தால் கழுத்தை நிமிர்த்தி வெட்ட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் மங்குப் பாலைச் சேர்த்து, வாளியைச் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். செம்பனை வந்ததும் வலி இடம் மாறியது. நீண்ட கம்பின் முனையில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்துக்கொண்டே குலையை அறுக்கிறவனுக்குப் பிடரியும் தோளும் போகும். ஒரு குலை சாதாரணமாக 15, 20 கிலோ. அதைத் தூக்கி வண்டியில் போடுகிறவனுக்கு இடுப்பு போகும்.

தோட்டத்து டிரஸ்ஸர் காய்ச்சலுக்குக் கொயினா கொடுத்தார், வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போட்டார். தினசரி வலிக்கு லயத்தில் யாராவது ஒரு கிழவியின் எண்ணெய்தான் மருந்து. அக்காவின் மாமியார் அப்படி ஒரு கிழவி.

நான் போன அன்று காய்ச்சியது வாத எண்ணெய். நல்லெண்ணெய் பாதி, மீதியில் விளக்கெண்ணெயும் வேப்பெண்ணெயும். முக்கூட்டு. கற்கம், அதாவது அரைத்த சரக்கு, ஒரு பங்கு, எண்ணெய் நாலு பங்கு, சாறு பதினாறு பங்கு என்பது பழைய வைத்திய நூல்களின் பொதுக் கணக்கு. அக்காவுக்கு நூல் தெரியாது; ஆனால் அவர் டம்ளரால் அளந்து ஊற்றியதை நான் எழுதிக் கூட்டிப் பார்த்தபோது அந்தக் கணக்குக்கு வெகு பக்கத்தில்தான் வந்து நின்றது. நொச்சி வீட்டு வேலியிலேயே நிற்கிறது. இஞ்சி, பூண்டு, பேரரத்தை பாசாரில் வாங்கியவை. கற்கத்தில் இன்னொரு கிழங்கும் இருந்தது. வெட்டினால் மஞ்சள் நிறம், முகர்ந்தால் இஞ்சியும் கற்பூரமும் கலந்த காரம். அது போங்லாய். பிள்ளை பெற்ற பெண்களுக்கு மலாய்க்காரர்கள் பயன்படுத்தும் கிழங்கு. பக்கத்து வீட்டு மலாய் மக்சிக்கின் கொல்லையிலிருந்து அது வருகிறது, பதிலுக்கு இங்கிருந்து ஒரு புட்டி எண்ணெய் போகிறது. மாமியார் காலத்து எண்ணெயில் போங்லாய் கிடையாதாம். மருந்து என்றால் மாறாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். எனக்கு இது இந்த மண்ணில் வேர்விட்ட தமிழ் வைத்தியமாகத் தெரிந்தது.

சட்டி காய ஆரம்பித்ததும் சாறு குமிழி குமிழியாகக் கொதித்தது, பச்சை வாடை தூக்கலாக அடித்தது. அக்கா விறகை வெளியே இழுத்தார். தீ எரியக் கூடாது, கங்கு இருந்தால் போதும். மதியத்துக்குப் பிறகு குமிழி சிறுத்து, ஓசை மாறியது. அடியில் தங்கிய கற்கத்தைக் கரண்டியால் கொஞ்சம் எடுத்து, ஊதி ஆறவைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிக் காட்டினார். திரிபோல நீண்டு வழுவழுத்தது. இது மெழுகுப் பதம். "இதுல எறக்கினா தண்ணி நிக்கும், கொஞ்ச நாள்ல சிக்கு வாடை வந்துரும்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து உருட்டியபோது உருளவில்லை; நறநறவென்று உதிர்ந்தது. மணல் பதம். மேலே பூசுகிற எண்ணெய்க்கு இதுதான். எண்ணெயில் மெல்லிய நுரை எழும்பியது. நெய் காய்ச்சினால் பதம் வரும்போது நுரை அடங்கும், எண்ணெய் காய்ச்சினால் எழும்பும். சுவடி வைத்தியர்கள் எழுதிவைத்த இந்த வேறுபாட்டை அக்கா கண்ணால் கற்றிருக்கிறார். கடைசிச் சோதனையாக ஒரு துணித்திரியை எண்ணெயில் முக்கிக் கொளுத்தினார். சடசடக்காமல் எரிந்தது. தண்ணீர் சுத்தமாகப் போய்விட்டது. உடனே இறக்கினார். ஐந்து நிமிடம் தவறியிருந்தால் கருகியிருக்கும், நாள் முழுக்கச் செய்த வேலை வீண்.

வாசனைச் சரக்குகள் மறுநாள்தான் சேரும். சூட்டோடு போட்டால் மணம் ஆவியாகிக் கூரைக்குப் போய்விடும். ஆறி, வடிகட்டிய எண்ணெய் ஒரு பக்கம் இருக்க, பீங்கான் கிண்ணத்தில் பச்சைக் கற்பூரத்தையும் புதினாப் பூவையும் போட்டுத் தேய்த்தார் அக்கா. இரண்டும் உலர்ந்த கட்டிகள். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை, அடுப்பில் வைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்கள் ஈரமாகி, இரண்டும் ஒன்றை ஒன்று இளக்கி, கிண்ணத்தின் அடியில் தெளிந்த திரவமாக நின்றன. தனித்தனியே திடமாக இருப்பவை சேர்ந்தால் உருகுநிலை இறங்கிவிடும் என்பது இதற்கு வேதியியல் விளக்கம். விளக்கம் தெரிந்திருந்தும் நான் குனிந்து குனிந்து பார்த்தேன். பூசைக்கு வாங்கும் வில்லைக் கற்பூரத்தை இந்த வேலைக்கு அவர் தொடுவதே இல்லை. அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்கிறார்.

பிறகு செராய் எண்ணெய். சமையலுக்குப் போடும் செராய் (எலுமிச்சைப்புல்) வேறு, தண்டின் அடி சிவந்திருக்கும் செராய் வாங்கி வேறு. இந்த இரண்டாவதைப் பக்கத்துக் கம்போங்கில் ஒரு மலாய்த் தம்பதி வடிக்கிறார்கள். அரிந்த புல்லை அரை நாள் வாடவிட்டு, தட்டுப் போட்ட டிரம்மில் அடைத்து, அடியில் தண்ணீரைக் கொதிக்கவைக்கிறார்கள். நீராவி புல்லின் வழியே ஏறி, எண்ணெயைத் தூக்கிக்கொண்டு, குளிர்ந்த தண்ணீரில் சுருண்டு கிடக்கும் குழாய்க்குள் போய் மறுபடி நீராகிறது. சேகரிக்கும் போத்தலில் எண்ணெய் மேலே மிதக்கிறது. டிரம் டிரம்மாகப் புல் போகிறது, கைக்கு வருவது கொஞ்சம். அந்தப் பெண்ணின் விரல்கள் முழுக்கப் புல் கீறிய கோடுகள். இவ்வளவு உழைப்பில் வருகிற ஒரு சிறு புட்டிக்குச் சந்தையில் பேரம் பேசுகிறவர்கள் ஒரு தடவை அந்த டிரம்முக்குப் புல் அரிந்து பார்க்க வேண்டும்.

இது வேலை செய்கிறதா? செய்கிறது, அளவோடு. புதினாப் பூவிலுள்ள மெந்தால், தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளிலுள்ள ஓர் ஏற்பியைத் தட்டி எழுப்புகிறது. மூளை அதைக் குளிர் என்றே எடுத்துக்கொள்கிறது, வலியின் செய்தி பின்னுக்குப் போகிறது. 2002இல் அந்த ஏற்பியைக் கண்டறிந்தவர்களில் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் இருந்தார்கள். சூடு, குளிர், தொடுதல் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக இருவருக்கும் 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. மனசின் கதை வேறு வழி. மற்றப் புலன்களின் செய்தி மூளையில் தலாமஸ் என்ற இடைநிலையத்தில் ஏறி இறங்கித்தான் போகும். மணம் அங்கே நிற்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு நேரே போய்விடுகிறது. செராய் மணத்தில் ஒருவருக்கு மனசு லேசாவதில் வியப்பில்லை. ஆனால் மனச்சோர்வு என்ற நோயை மணம் தீர்க்கும் என்று சொன்னால் அது பொய்.

அந்தியில் செம்பனை வெட்டும் ஒரு பையன் வந்தான். தோளைத் தூக்க முடியவில்லை. அக்கா முதலில் எண்ணெயைத் தொடவில்லை. கையை மேலே தூக்கச் சொன்னார், பின்னால் கொண்டுபோகச் சொன்னார், விரல் மரத்துப்போகிறதா என்று கேட்டார். பிறகுதான் இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்த்துச் சூடாக்கி, தோள்பட்டை எலும்பின் விளிம்போடு கட்டைவிரலை மெல்ல ஓட்டினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. அங்கேயே அழுத்தி வைத்துக்கொண்டு வீட்டு விசயம் கேட்டார். தங்கச்சி படிப்பு, சம்பளம், மேஸ்திரி. பேச்சு வளர வளர அவன் தோள் இறங்கியது. எண்ணெய் எவ்வளவு, கை எவ்வளவு, பேச்சு எவ்வளவு என்று பிரித்து அளக்க எனக்குத் தெரியவில்லை, பிரிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

இருட்டிய பிறகு புருசனைப் பறிகொடுத்த ஓர் அம்மா வந்தார். தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை. கைக்குட்டையில் ஒரு சொட்டு செராய் விட்டுக் கொடுத்த அக்கா, அத்தோடு நிறுத்தவில்லை. "நாளைக்கு நானும் வர்றேன், ஆஸ்பத்திரிக்குப் போவோம். டாக்டர்ட்ட சொல்லு. இது எண்ணெய்ல போற சங்கதி இல்ல" என்றார்.

அக்காவிடம் நான் மிகவும் மதிப்பது இத்தகைய மறுப்புகளை. நெஞ்சு வலி, இடது கைக்கு இறங்குகிற வலி என்று வந்தால் புட்டியைத் திறக்கவே மாட்டார். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கிச் சுட்டால் தேய்க்க மாட்டார். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாயா என்று வயதானவர்களிடம் கேட்காமல் எண்ணெய் தர மாட்டார். கைக்குழந்தைக்குக் கற்பூரம் சேர்ந்தது எதுவும் கிடையாது, தேங்காய் எண்ணெய் மட்டும்தான். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் பிள்ளைக்கு வலிப்பு வரலாம். கடையில் சுலபமாகக் கிடைக்கும் விண்டர்கிரீன் எண்ணெயையும் அவர் சேர்ப்பதில்லை. தசைவலித் தைலங்களில் தூக்கலாக மணக்கும் அந்தச் சரக்கு கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட். ஒரு தேக்கரண்டியில் சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமமான மருந்து இருக்கிறது. குழந்தை உள்ள வீட்டில் அது விசம். வலி தீர்க்கிறேன் என்று புட்டி விற்பவர்களில் எத்தனை பேர் இதையெல்லாம் வாங்குகிறவரிடம் சொல்கிறார்கள்?

இதே பேராக்கில், இங்கிருந்து வடக்கே பழைய டிரங்க் ரோட்டிலேயே உள்ள கோப்பெங்கில்தான் 1879இல் யூ கோங் என்பவர் ஈயச் சுரங்கத் தொழிலாளிகளுக்காக ஒரு மூலிகைக் கடை திறந்தார். யூ யான் சாங் என்ற பெரிய நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனம் பிறகு சென்னைக்கு வந்து தமிழர்களின் நெற்றியில் ஏறியது. ரங்கூனில் பிறந்த புலி மார்க் தைலம் 1920களில் சிங்கப்பூருக்கு வந்தது. கோடாரி மார்க் 1928இல் அங்கேயே பிறந்தது. எல்லாம் உழைக்கிறவன் வலியை நம்பி எழுந்த தொழில்கள். சீனச் சுரங்கக்காரனின் மருந்துக்குக் கடையும் கணக்கும் பெயர்ப்பலகையும் கிடைத்தன. தமிழ்ப் பாட்டாளியின் எண்ணெய் லயத்து அடுப்போடு நின்றுவிட்டது. கிழவி செத்ததும் பக்குவமும் சேர்ந்து போனது. தோட்டங்கள் மூடி மக்கள் சிதறியபோது இப்படி எத்தனை பக்குவங்கள் போயினவோ என்று எண்ணும்போது மனசு கனக்கிறது.

அக்காவின் மகள் இதை விடுவதாக இல்லை. தஞ்சோங் மாலிமில் வேலை, சனி ஞாயிறு அடுப்படியில். டம்ளர் கணக்கைத் தராசில் கிராமாக மாற்றி நோட்டில் எழுதுகிறாள். இப்போதைக்கு விற்பனை கிடையாது. தெருக்காரர்கள் நல்லெண்ணெயும் புட்டியும் கொண்டுவந்து கொடுக்க, அக்கா காய்ச்சித் தருகிறார். மலேசியாவில் பாரம்பரிய மருந்துகளுக்கும் 1992 முதல் பதிவு உண்டு. சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் தரும் எண் 'எம்ஏஎல்' என்று தொடங்கி 'டி' என்று முடியும். அது இல்லாமல் மருந்தாக விற்கக் கூடாது, தயாரிக்கும் இடத்துக்கும் உரிமம் வேண்டும். மூட்டுவலிக்கு என்று வந்த சில பாரம்பரியப் பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்தது பற்றி அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. அந்தக் கட்டுப்பாடு தேவைதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஓர் இரும்புச் சட்டியை வைத்திருக்கும் பெண் அந்தப் படியில் ஏற ஒரு கை வேண்டும். நாலைந்து பேர் கூட்டுறவாகச் சேர்ந்து, உரிமம் உள்ள ஒரு தொழிற்கூடத்தில் காய்ச்சலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, சுங்கை சிப்புட்டுக்காரரான துன் சம்பந்தன் பாட்டாளிகளிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து 1960இல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தோட்டங்களையே வாங்கிக் காட்டினார். எண்ணெய்ச் சட்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு முயற்சி போதும்.

புட்டியில் ஒட்டுவதற்கு மகள் ஒரு சீட்டு எழுதியிருந்தாள். மேலே எண்ணெயின் பெயர், கீழே சரக்குகள், காய்ச்சிய தேதி. 'எல்லா வலிகளுக்கும்' என்று ஒரு வரி. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "எல்லா வலிக்கும்னு யார் சொன்னா? அடி அதை" என்றார். மகள் அடித்துவிட்டு, 'தசைப்பிடிப்பு, கை கால் உளைச்சலுக்கு' என்று எழுதினாள். "கொழந்தைக்குக் கூடாது, கண்ணுல படக்கூடாது, குடிக்கக் கூடாது, இதெல்லாம் எங்க?" கீழே பொடி எழுத்தில் இருந்தது. அதை மேலே கொண்டுவரச் சொன்னார். இடம் போதவில்லை என்றாள் மகள். அப்படியானால் எண்ணெயின் பெயரைச் சின்னதாகப் போடு என்று சொல்லிவிட்டு, அடுத்த காய்ச்சலுக்கு இலை போதுமா என்று பார்க்க வேலிப்பக்கம் போனார் அக்கா.