சங்கைச் சாய்க்கும் கை

பால் குடிப்பது என்பது உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சு விடுதல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று மோதாமல் முறைவைத்து நிகழ்வதாகும். கருவறையிலேயே விரல் சப்பவும் பனிக்குட நீரை விழுங்கவும் பழகிவிடும் சிசுவுக்கு முதல் இரண்டும் புதியவை அல்ல. விழுங்கும் கணத்தில் மூச்சை நிறுத்தி உடனே மீண்டும் தொடங்கும் ஒழுங்குதான் கருவின் 34ஆம் வாரத்தை ஒட்டிப் பொதுவாகக் கைகூடுகிறது. அதற்கு வெகு முன்னரே பிறந்துவிட்ட குழந்தைக்கு, உதடு சப்புகிறதே என்று அவசரப்பட்டுப் பால் கொடுத்தால், அது புரையேறி நுரையீரலுக்குள் இறங்கலாம். மூச்சு நின்று இதயத் துடிப்பும் தணியலாம். ஆகவே தொடக்கத்தில் தாய் பீய்ச்சிக் கொடுக்கும் பால், வாய்வழியே இரைப்பைவரை செலுத்தப்பட்ட மெல்லிய குழாயில் இறக்கப்படுகிறது.

குழாயில் பால் இறங்கும் நாள்கள் வெறும் காத்திருப்பு அல்ல. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் மருத்துவர் எட்கர் ரே தொடங்கிய கங்காரு முறையில், குழந்தை தாயின் மார்போடு தோலும் தோலும் படக் கிடத்தப்படுகிறது; பாலைப் பீய்ச்சி எடுத்துவிட்ட மார்பைச் சப்பவிடும்போது, புரையேறும் அச்சம் பெரிதும் குறைந்து வாய் பழகுகிறது.

குழாயிலிருந்து வாய்க்கு மாறும் கட்டத்தில் தமிழக மருத்துவமனைகள் பெரும்பாலும் நம்புவது, வீடுகளில் தலைமுறைகளாகப் புழங்கும் சங்கை, அதாவது மூக்கு நீண்ட சிறு கிண்ணமான பாலாடையைத்தான். கழுவவும் கொதிக்கவைக்கவும் எளிதானது என்பது அதன் சிறப்பு. ஆனால் மார்பில் குடிக்கும் குழந்தை தன் வேகத்தைப் பெரும்பாலும் தானே தீர்மானிக்கிறது. சங்கிலோ வேகம் முழுவதும் சாய்ப்பவர் கையில் இருக்கிறது. எனவே குழந்தையைத் தலை உயர்த்திச் சாய்வாகப் பிடித்து, சங்கின் நுனியைக் கடைவாயில் வைத்து, சில துளிகளை மட்டும் விட்டு, அவை விழுங்கப்பட்டு மூச்சு சீரான பிறகே அடுத்த துளிகளை விட வேண்டும். விரல்கள் விறைத்து விரிவது, புருவம் சுருங்குவது, கடைவாயில் பால் வழிவது, உதட்டைச் சுற்றி நீலம் பாய்வது ஆகியவை நிறுத்தச் சொல்லும் அடையாளங்கள். நீலம் பாயும்வரை காத்திருப்பவர் முந்தைய மூன்றையும் தவறவிட்டவரே. குறிப்பேட்டில் மில்லிலிட்டர் எழுதக் கட்டம் உண்டு, குழந்தை எப்படிக் குடித்தது என்று எழுதப் பெரும்பாலும் இடமில்லை. மீதிப் பாலைக் குழாயில் விடுவது தோல்வி ஆகிவிடாது என்றாலும், அளவை முடித்துவிடும் ஆசை தேர்ந்த செவிலியரையும் விடுவதில்லை.

இராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் பக்கத்து மலையடிவாரத் தோப்புகளில் வேலை செய்யும் குடும்பங்களுக்கு இந்தக் கட்டத்தில் தூரமும் ஒரு தடையாகிறது. மிகக் குறைமாதத்தில் பிறந்த குழந்தை உள்ளூரிலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ அல்லாமல், 2022 சனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்கோ அனுப்பப்படும்போது, தாய் வீட்டிலும் பிள்ளை வார்டிலுமாகப் பிரிந்துவிட்டால், இரண்டு மூன்று மணிக்கொருமுறை பீய்ச்சாத மார்பில் பால் வற்றத் தொடங்குகிறது. தாய் தங்குவதற்கு ஒரு கட்டிலும் வேளைச் சாப்பாடும் கிடைப்பது சிகிச்சையின் பகுதியே.

வீடு திரும்பிய பின், குறிப்பாக இரவில், சங்கு பாட்டியின் கைக்குப் போய்விடுகிறது. காலை நீட்டி அமர்ந்து, பிள்ளையை மடியில் மல்லாத்தி, ஒரே சாய்ப்பில் புகட்டிப் பல பிள்ளைகளை வளர்த்த கை அது. நிறைமாதக் குழந்தைகள் அதைச் சமாளித்துக்கொண்டன என்பதால் அந்த முறையைக் குறைமாதக் குழந்தையிடம் பயன்படுத்த முடியாது. “அம்மா, இவனுக்கு இன்னும் மூச்சு பழகலை, முழுங்கினதும் கொஞ்சம் நிறுத்துங்க” என்று சொல்வது மட்டும் போதாது. வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் பாட்டியையே வார்டுக்கு அழைத்து, கை கழுவச் செய்து, செவிலியர் அருகிருக்க ஒரு வேளைப் பாலை அவர் கையாலேயே கொடுக்கச் செய்வது நலம்.